கம்பியைத் தேடி வரும் உப்பு

சென்னையில் கடலுக்கு நடந்துபோகிற தூரத்தில், மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் வீடு கிடைக்கிறது என்றால், அந்தக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் முப்பது நாற்பது வயது ஆகியிருக்கும். லிஃப்ட் இருக்காது. மூன்று மாடி, மாடிக்கு இரண்டோ நான்கோ வீடு, மொசைக் தரை, படிக்கட்டுச் சுவரில் காற்றுக்காக விட்ட ஜாலி. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் கொட்டிவாக்கத்திலும் சாந்தோமிலும் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் உண்டு. பக்கத்து மனையில் எழும்பிய புதுக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் வாடகை கணிசமாகக் குறைவு. பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், திருவொற்றியூர் என்று அரசு வாரியக் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொண்டால், கடலோரப் பழைய கான்கிரீட்டுக்கு அடியில் தூங்குகிற மீனவர்களும் அன்றாடக் கூலிக்காரர்களும் ஏராளம். அவர்களுக்கு வேறு வீடு பார்க்கும் வசதி கிடையாது.

இந்த வீடுகளின் சுகத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மே மாதத்தில் காலை பதினொரு மணிக்கு நகரம் முழுக்க ஒரே மாதிரிதான் வேகும். நிலம் சீக்கிரம் சூடேறுகிறது, கடல் நிதானமாகத்தான் சூடேறும். நிலத்தின் மேலிருக்கும் சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நண்பகலை ஒட்டி இந்தக் கடல்காற்று கரையேறியதும் வெப்பம் மளமளவென்று இறங்கும். அதை முதலில் அனுபவிப்பவை கரையோர வீடுகள். உள்ளே போகப் போக அது தாமதமாகவும் சூடேறியும்தான் போய்ச் சேரும். மேற்குக் காற்று வலுத்த நாட்களில் கடல்காற்று மாலை வரைக்கும் எட்டிப்பார்க்காது. சென்னை 40 டிகிரியைத் தாண்டிக் கொதிப்பது அப்படிப்பட்ட நாட்களில்தான்.

பழைய கட்டடங்கள் இந்தக் காற்றை நம்பியே கட்டப்பட்டவை. ஏசி அபூர்வமாக இருந்த காலம் அது. கிழக்கே ஒரு ஜன்னல் என்றால் எதிரே மேற்கில் ஒன்று. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, அதன்மேல் தட்டோடு பதித்த தளம். கண்ணாடி முகப்போடு நிற்கும் இன்றைய கட்டடங்களைவிட இவை சென்னை வெயிலை நன்றாகப் புரிந்துகொண்டவை.

அதே காற்றுதான் உப்பையும் கொண்டுவருகிறது.

அலை உடையும்போது காற்று நீருக்குள் சிக்கி எண்ணற்ற குமிழ்களாகிறது. ஒவ்வொரு குமிழும் மேலே வந்து வெடிக்கையில் அதன் மெல்லிய தோல் நுண்துளிகளாகச் சிதறும். குமிழ் இருந்த பள்ளம் மூடிக்கொள்ளும்போது நடுவிலிருந்து இன்னும் சில துளிகள் தெறித்து எழும்பும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதில் குளோரைடு மட்டும் ஏறக்குறைய 19 கிராம். துளியின் நீர் ஆவியாகிவிட, உப்பு காற்றோடு நகருக்குள் நுழைகிறது. பெரிய துகள்கள் கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடும். ஒரே பேட்டையில் கடலைப் பார்த்த தெருவில் கேட்டும் கிரில்லும் துருப்பிடிப்பதற்கும், நாலு தெரு தள்ளி அதே பெயிண்ட் வருடக்கணக்கில் தாங்குவதற்கும் காரணம் இதுதான்.

மெரினாவில் அலைக்கும் சாலைக்கும் நடுவே சராசரியாக 300 மீட்டர் மணல் கிடக்கிறது. அந்த மணலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு சேர்ந்ததுதான். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. அலை நெருங்கி வந்தால் உப்பும் நெருங்கி வரும்.

வந்து படிந்த உப்பு சும்மா கிடப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துகொள்கிறது. சாதாரணச் சோடியம் குளோரைடு இப்படிக் கரையக் காற்றில் சுமார் 75 சதவீத ஈரப்பதம் வேண்டும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையின் இரவுகளில் ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது வழக்கம். ஆகவே மழையே பெய்யாத பங்குனி மாதத்திலும் கடலோர ஜன்னல் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. ஏசியின் வெளி யூனிட்டில் தாமிரக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும். நடுவே உப்புநீர் சேர்ந்தால் இரண்டு உலோகங்களும் சின்ன மின்கலம் போல இயங்கி அலுமினியம் கரைந்து பொடியாக உதிரும். அதை மாற்றிவிடலாம், செலவுதான். சுவருக்குள்ளும் சீலிங்குக்குள்ளும் இருக்கும் கம்பியை அப்படி மாற்ற முடியாது.

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவை வலிமை அழுத்த வலிமையில் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் உள்ளே இரும்புக் கம்பி. இந்தக் கூட்டணி இத்தனை காலம் நிலைத்ததற்கு ஒரு வேதியியல் காரணம் உண்டு. சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பினால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீர் கடும் காரமாக, பிஎச் 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் படிந்து இரும்பைத் துருவிலிருந்து காக்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரை ஈரமும் காற்றும் எவ்வளவு வந்தாலும் கம்பிக்குக் கேடில்லை.

படலத்தை உடைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவிச் சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தைக் குறைத்துவிடுவது. பிஎச் 9-க்குக் கீழே இறங்கினால் படலம் நிற்காது. இது எந்த ஊர்க் கட்டடத்துக்கும் நடக்கும். இன்னொன்று குளோரைடு. அது காரத்தைத் தொடுவதேயில்லை. நேராகக் கம்பிக்குப் போய்ப் படலத்தை ஒரு புள்ளியில் கிழிக்கிறது. கிழிந்த இடத்தில் இரும்பு கரைய ஆரம்பிக்கும், சுற்றியிருக்கும் நல்ல கம்பியெல்லாம் அந்த ஒரு புள்ளிக்கு எதிர்முனையாகி அரிப்பை வேகப்படுத்தும். மோசம் என்னவென்றால், குளோரைடு இந்த வேலையில் செலவாவதில்லை. ஓர் இரும்பு அணுவைப் பிடித்து இழுத்து வெளியே விட்டுவிட்டு, தானும் விடுபட்டு அடுத்ததற்குப் போகிறது. கொஞ்சம் உப்பே வருடக்கணக்கில் வேலை செய்யும்.

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகுகிறது. மூடிய டப்பாவில் நீர் ஊற்றிக் கொண்டைக்கடலையை ஊறப்போட்டால் மூடி தெறிப்பதைப் போல, கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கிறது. முதலில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு சீலிங்கில் ஓரிடம் லேசாகப் புடைப்பது. கடைசியில் ஒருநாள் தட்டு அளவுக்கோ தாம்பாள அளவுக்கோ காரை பெயர்ந்து விழுந்து, உள்ளே செதில் செதிலாக உரிந்த கம்பி வெளியே தெரியும். “சீலிங் பேந்துடுச்சு” என்று அந்த வீடுகளில் சொல்லும்போது, நிகழ்ச்சியின் கடைசிக் கட்டத்தைச் சொல்கிறார்கள். அதன் தொடக்கம் பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தையதாக இருக்கலாம்.

மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கிடங்கு அது, இன்று விவேகானந்தர் இல்லம். அதே காற்று, அதே உப்பு, 180 வருடத்துக்கு மேல். பராமரிப்பும் புதுப்பிப்பும் அதற்குக் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் அந்தக் காலத்துச் செங்கல், சுண்ணாம்புக் கட்டடங்களின் சுவருக்குள் கம்பி இல்லை. உப்பு அங்கே பூச்சை அரிக்கும், சுவரில் வெள்ளையாகப் பூக்கும். உள்ளிருந்து வெடிக்க வைக்க அதற்கு இரும்பு கிடைக்காது. மாடி மேல் மாடி கட்ட நமக்கு வாய்ப்புக் கொடுத்த கம்பியேதான் கடலோரத்தில் நம் கட்டடங்களின் பலவீனமும்.

கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டின் கனத்தைக் கட்டுமானத்தில் ‘கவர்’ என்பார்கள். சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் இடையே கவர் பிளாக் என்ற சின்னக் கட்டையை வைப்பது இதற்காகத்தான். உப்பு ஊடுருவும் கணக்கு சுவையானது: கவர் இரண்டு மடங்கானால் கம்பியை எட்டும் காலம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 15 இருந்தால், கட்டடத்தின் நல்ல ஆயுளில் முக்கால் பங்கு அன்றே போயிற்று. கவர் பிளாக்குக்குப் பதில் கையில் அகப்பட்ட ஜல்லியைக் கம்பிக்கு அடியில் தள்ளிவிட்ட ஒரு மதிய நேரத்து அலட்சியம், முப்பது வருடம் கழித்து இன்னொருவர் தலைமேல் விழுகிறது.

எல்லாக் குறையையும் கொத்தனார்மேல் போடவும் முடியாது. இந்தியாவின் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456-இன் 1978 பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எம்15 தரத்தையே அனுமதித்தது. அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் தாங்கினால் போதும். தளத்துக்குக் கவர் 15 மில்லிமீட்டர். உப்புக் காற்று உள்ள இடத்தில் கனத்தைக் கூட்டலாம் என்று அதுவும் சொன்னது. கூட்டியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டுப் பதிப்புதான் சூழலை வகைப்படுத்தி, கடலோரக் காற்றுக்கு நேரடியாக ஆளாகும் கான்கிரீட்டுக்கு எம்30 தரமும் 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும் என்றது. ஆக, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய வீடு விதிப்படி ஒழுங்காகவே கட்டப்பட்டிருந்தாலும், இன்றைய அளவுகோலில் கடலோரத்துக்குத் தகுதியற்றது. அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய டார் ஸ்டீல், குளிர்நிலையில் முறுக்கிய கம்பி. அந்த முறுக்கலில் ஏறிய அழுத்தத்தால் அதன் மேற்பரப்பு துருவுக்கு எளிதில் இடம் கொடுக்கும். கலவைக்கும் நீராற்றுவதற்கும் உவர்ப்பான போர் தண்ணீரை ஊற்றியிருந்தால், உப்பு வெளியிலிருந்து வரவே தேவையில்லை.

உவர்நீரைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. கடற்கரை மணல் மழைநீரை வேகமாக உள்வாங்கும். அந்த நன்னீர், அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடிநீர் அறிவியலின் பழைய கணக்கு. மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறும் என்பதும் அதே கணக்குதான். பழைய குடியிருப்புகளின் பின்கட்டில் இருக்கும் ஆழமில்லாத கிணறு இந்த நன்னீரை மேலாக மொண்டுகொள்ளும். ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரை ஓயாமல் ஓட்டினால் உவர்நீர்தான் வரும். அந்தத் தண்ணீர் குளியலறைத் தரையில் தினமும் கொட்டி, ஓட்டை விழுந்த இணைப்பு வழியே கசிந்து, கீழ்வீட்டு சீலிங்குக்குள் குளோரைடைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மாடி வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள சீலிங் முதலில் கெடுவதற்கு இது ஒரு காரணம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கெடுவது சன்ஷேடு. ஜன்னலுக்கு மேல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒல்லித் தகட்டுக்கு மேலும் கீழும் முனையிலும் மழை, வெயில், உப்பு. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தகடு என்பதால் அதன் மேற்பரப்புதான் இழுபடும். ஆகவே அதன் முக்கியக் கம்பி மேற்புறத்தை ஒட்டி இருக்க வேண்டும். மழைநீர் தேங்குவதும் அதே மேற்புறத்தில்தான். தேங்கிய இடத்தில் தூசி சேர்ந்து பாசி பிடித்து, ஓர் அரசங்கன்றும் முளைத்துவிடும். விரிசல் மேலே விழுவதால் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி கீழே அமுங்கியிருந்தால், இழுவையைத் தாங்க வேண்டிய இடத்தில் கம்பியே இருக்காது. பால்கனிக்கும் இதே கதைதான். 2024 டிசம்பரில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் வாரியக் குடியிருப்பில் சன்ஷேடு இடிந்து விழுந்து ஓர் இளைஞர் உயிரிழந்தார்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, 2021 டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூரில் 1993-இல் கட்டிய வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி அப்படியே சரிந்தது. 24 வீடுகள். விரிசல்கள் பெரிதாவதைக் கவனித்த குடியிருப்புவாசிகள் சரிவதற்கு முன்பே வெளியேறியதால் ஓர் உயிரும் போகவில்லை. ஒரு கட்டடம் விழுவதற்கு உப்பு மட்டுமே காரணமாக இருப்பது அரிது. கலவைத் தரம், அடித்தளம், கசிவு, பராமரிப்பின்மை எல்லாம் சேர்ந்துதான் வீழ்த்தும். ஆனால் அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது விரிசலைப் படிக்கத் தெரிந்த கண். அந்தப் படிப்பு எல்லோருக்கும் கைவரக்கூடியதுதான்.

சுவர்ப்பூச்சில் வலைபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சு உலர்ந்ததால் வந்தவை, பயமில்லை. சீலிங்கிலோ பீமின் அடியிலோ நேர்கோடாக, கம்பி போகிற திசையிலேயே, ஏறக்குறைய சம இடைவெளியில் ஓடும் விரிசல் வேறு. அது உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பதைக் காட்டுகிறது. பழுப்புக் கறை இருந்தால் சந்தேகமே வேண்டாம். மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். ஒட்டியிருக்கும் கான்கிரீட் ‘டக்’ என்று இறுக்கமாக ஒலிக்கும், உள்ளே பிரிந்த இடம் ‘பொத்’ என்று பொள்ளலாகக் கேட்கும். தூண்களின் அடிப்பகுதி, படிக்கட்டின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள பீம், இந்த இடங்களைப் பார்த்தாலே கட்டடத்தின் நிலை பாதி தெரிந்துவிடும். பழைய வீட்டில் ஓர் அறையில் மட்டும் புத்தம்புதிதாக ஃபால்ஸ் சீலிங் மின்னினால், அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பொறியாளர்களிடம் இன்னும் துல்லியமான கருவிகள் உண்டு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் அமிலம் கார அளவீட்டுக்குப் பயன்படுத்திய ஃபீனால்ஃப்தலீன் கரைசலை எல்லோரும் பார்த்திருப்பார்கள். உடைத்த கான்கிரீட்டின் புது முகத்தில் அதைத் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் இடம் கத்தரிப்பூ நிறமாக மாறும், காரம் போன இடம் நிறமே இல்லாமல் சாம்பலாக நிற்கும். அந்த நிறக்கோடு கம்பியைத் தாண்டிவிட்டதா இல்லையா என்பதை அங்கேயே கண்ணால் பார்க்கலாம். குளோரைடை இது காட்டாது. அதற்குக் கான்கிரீட்டைத் துளைத்துப் பொடியெடுத்துச் சோதிக்க வேண்டும். தாமிர சல்பேட் மின்முனை ஒன்றைத் தளத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போய்க் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் முறையும் இருக்கிறது. அளவு கழித்தல் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால், அந்த இடத்தில் கம்பி அரிபட்டுக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. காரை விழுவதற்குப் பல வருடம் முன்பே இது சொல்லிவிடும்.

வழக்கமாக நடக்கும் பழுதுபார்ப்பு வருத்தம் தருவது. விழுந்த இடத்தில் சிமெண்ட் கலவையை அப்பி, மேலே ஒரு கோட்டு பெயிண்ட். துருப்பிடித்த கம்பி அப்படியே உள்ளே இருக்கும். பூச்சு இரண்டு மழையைத் தாங்கினால் அதிகம். சரியான முறையில், கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துருநீக்கிப் பளிச்சென்று ஆக்கி, கனம் குறைந்த கம்பிக்குத் துணையாகப் புதுக்கம்பி சேர்த்து, துத்தநாகப் பூச்சுக் கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதுவரை அரிபட்ட புள்ளிதான் பக்கத்துக் கம்பிகளை அரிக்க விடாமல் தன்மேல் ஏற்றுக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும், உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் பக்கத்துக் கம்பி அரிபட ஆரம்பிக்கும். ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்திலேயே இரண்டு மூன்று வருடத்தில் புது விரிசல் தெரிந்தால், கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், மின்வேதியியலின் வேலை அது. இதைத் தடுக்க ஒட்டுக்குள் சின்னத் துத்தநாகக் கட்டியைக் கம்பியோடு கட்டி வைக்கிறார்கள். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரைகிறது. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் அடியில் போர்த்திய தாமிரத் தகட்டைக் காக்கக் கண்டுபிடித்த உத்தி இதுவே.

இந்த அறிவுக்குத் தமிழ்நாடு வெளியூர் போகத் தேவையில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. மண்டபத்தில் கடற்கரையிலேயே அதன் அரிப்பு ஆய்வு மையம் இருக்கிறது. கம்பிக்கான சிமெண்ட் பாலிமர் பூச்சு இந்த நிறுவனத்தில் உருவானதுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் சிறப்புப் பூச்சும் போட்டார்கள். பாலத்துக்குக் கிடைத்த அக்கறையில் சிறு பங்கு மனிதர் குடியிருக்கும் மூன்றுமாடிக் கட்டடங்களுக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவோ வீடுகள் தப்பியிருக்கும்.

அறிவு இருந்தும் கை ஓடாமல் போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் சர்ஃப்சைடு காட்டியது. மயாமிக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து நின்ற சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத் 1981-இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பு. 2021 ஜூன் 24 பின்னிரவில் அதன் பெரும்பகுதி சரிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்தின் நீர்க்காப்பு பழுதாகி அடியில் கான்கிரீட் கெட்டிருப்பதை 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தது. அந்தத் தளத்தின் வடிவமைப்பிலேயே வலுக்குறைவு இருந்ததைப் பிறகு நடந்த அரசு ஆய்வும் கண்டது. செலவை யார் ஏற்பது, எவ்வளவு ஏற்பது என்று உரிமையாளர்கள் விவாதித்துக்கொண்டிருந்த நேரத்தில் கட்டடம் காத்திருக்கவில்லை. 2022-இல் ஃபுளோரிடா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள அடுக்குமாடிகளுக்கு 30 வயதில் கட்டாய ஆய்வு, கடலிலிருந்து மூன்று மைலுக்குள் என்றால் 25 வயதிலேயே. அடுத்த ஆண்டு அந்த 25 வயது விதியை உள்ளூர் அமைப்புகளின் முடிவுக்கு விட்டார்கள். நம் நாட்டிலேயே மும்பையில் 30 வயது தாண்டிய கட்டடங்களுக்குக் கட்டமைப்பு ஆய்வு மாநகராட்சிச் சட்டப்படி கட்டாயம்.

சென்னையின் தனியார் குடியிருப்புகளில் பழுதுபார்ப்பு நின்றுபோவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கடலோர மனையின் விலை ஏற ஏற, “எப்படியும் இடித்துக் கட்டப்போகிறோம், எதற்குச் செலவு?” என்ற எண்ணம் அசோசியேஷன் கூட்டத்தில் வலுக்கிறது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழிசெய்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சம்மதம் கூடிவரப் பல வருடம் ஆகலாம். அதுவரைக்கும் உரிமையாளர் வேறு வீட்டில் இருக்கிறார், பெயரும் காரைக்கு அடியில் வாடகைக்காரர் இருக்கிறார். வாடகை குறைவாக இருப்பதன் காரணம் சில வீடுகளில் இதுதான். இடித்துக் கட்டுவதே ஒரே தீர்வு என்பதும் சரியல்ல. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பில் வருகிறது. அரிப்பு ஆரம்பித்த நிலையில் பிடித்தால், மூன்றுமாடிக் கட்டடத்தை முறையாகப் பழுதுபார்த்து இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்க வைக்க முடியும்.

கடலோரப் பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர் மொட்டை மாடிக்கும் படிக்கட்டுக்கு அடியிலும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரவும். சன்ஷேடுக்குக் கீழே கட்டிலையும் பைக்கையும் போட வேண்டாம். மாடி வீட்டுக் கசிவை வாய்ச் சண்டையாக விடாமல் எழுத்தில் கொடுக்கவும். ஆனால் இது தனிமனிதர் கவனத்தால் மட்டும் தீராது. கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும், 25 வயது தாண்டிய ஒவ்வொரு குடியிருப்புக்கும் காலமுறைக் கட்டமைப்பு ஆய்வை மாநகராட்சி கட்டாயமாக்க வேண்டும். அறிக்கை அந்தந்தக் கட்டடத்தின் வாசலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். வீடு மாற்றிப் போக வழியில்லாதவர்கள் வாழும் வாரியக் குடியிருப்புகளிலிருந்து, அரசுச் செலவில், அந்த ஆய்வு தொடங்க வேண்டும்.